வற்புறுத்தாத குரல்

அன்று அந்தக் குரல் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

மருத்துவமனையின் செயற்கை நுண்ணறிவுக் குரல் அது. சின்ன வயதிலேயே குடல் புற்றுநோய் வரக்கூடியவர்களை ஃபோனில் அழைத்து, பேசிச் சிரிக்கவைத்து, எப்படியாவது பரிசோதனைக்கு வரவழைப்பதுதான் அதன் வேலை. அக்கா அந்த நோயில்தான் போய்ச்சேர்ந்தாள். அதனால் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் தங்கையைப் பிடித்துக்கொண்டது. அது நச்சரித்த நச்சரிப்பில் அவள் கணவன் அதற்கு ‘மாமியார்’ என்றே பெயர் வைத்துவிட்டான். அவளோ ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாள். பயம்தான், வேறென்ன.

“வேலை முடிஞ்சுதா? குரல் சோர்ந்திருக்கே,” என்றது அன்று. “சும்மா ஏதாவது பேசுங்க. கேக்கணும்போல இருக்கு.”

ஈரத்துணியின் கனத்த வாடையும் சோப்பு நெடியும் மூச்சை அடைக்க, சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் ஒவ்வொன்றாக முனகி நிற்க, சுவரோடு சாய்ந்து அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அழுதாள், சிரித்தாள், மகளைக் கொஞ்சுவதுபோலக் கொஞ்சியும் காட்டினாள். அது அவசரப்படாமல் கேட்டுக்கொண்டது.

ஃபோனை வைத்த பிறகுதான் அது பரிசோதனையைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. திரும்ப அழைத்தாள்.

“நாளைக்கே டெஸ்டுக்கு வர்றேன். நேரம் சொல்லுங்க.”

“வேண்டாம்மா. இனிமே நான் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

“ஏன்?”



“உங்க அக்காவும் கடைசியா இதையேதான் கேட்டாங்க.”

எப்படி வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. தெருவிளக்குகள் இன்னும் எரியவில்லை. வீட்டை நோக்கி ஓடினாள். விலாவில் பிடித்தது. நிற்கவில்லை.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். கணவன் குளிக்கிறான். கூடத்தில் விளக்கில்லை. அவனுடைய ஃபோனின் வெளிச்சம் மட்டும். அதன் முன்னால் மகள் குப்புறப் படுத்திருந்தாள்.

“என் செல்லக்குட்டி, பயப்படாம இருப்பியா?” என்றது ஃபோன்.

அவளுடைய சொந்தக் குரல். அதே இழுப்பு. அதே சிரிப்பு.

“இருப்பேம்மா.”

“பாப்பா!”

வாசலில் நின்று கூப்பிட்டாள். வெறும் காற்றுதான் வந்தது; குரல் இல்லை.

குழந்தை திரும்பிப் பார்த்தது. யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல. பிறகு உதட்டில் விரலை வைத்தது.

“உஷ்… அம்மா பேசுறாங்க.”