பத்து ரூபாய்ப் பிணம்

டெலிபோன் அலறியது!

கிருபாவதி ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... கொலைங்க! சிங்காநல்லூர்ல இருந்து பொங்கியண்ணன் பேசறனுங்க. உடனே ஊட்டுக்கு வாங்க. ஐயோ, கொன்னுபோட்டாளே!"

"யாரைங்க?"

லைன் கட்!

பொங்கியண்ணன் பம்ப்செட் வார்க்கும் பவுண்டரியின் முதலாளி. கொங்கு நாணயச் சங்கத்தின் தலைவர். கிருபாவதியோ பம்பாய் ஏலக் கம்பெனி ஒன்றில் பத்து வருஷம் நாணயங்களுக்குத் தரம் போட்டுவிட்டு, இந்த 1996 ஜனவரியில்தான் கோவைக்குத் திரும்பியவள். கொலைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?

யோசித்துக்கொண்டே ஆட்டோ பிடித்தாள்.

வாசலில் போலீஸ் ஜீப்!

கூடத்தில் சங்க உறுப்பினர்கள் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"எத்தனை மணிக்கு ஆச்சுங்க?"

"காலையில பத்தே காலுங்களாமா."

"போன வாரங்கூட நல்லா இருந்துதே..."

நடுவில் சிவப்பு வெல்வெட் துணி. தலைமாட்டில் குத்துவிளக்கு. ரோஜா மாலை வேறு!

வெல்வெட்டின் மேல்... பிணம்.

விட்டம் நாலு சென்டிமீட்டர் கூட இல்லை. எழுபதுகளில் வந்த பத்து ரூபாய் வெள்ளிக்காசு!

கிருபாவதிக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "இதுக்காங்க நான் மூச்சு முட்ட ஓடி வந்தேன்?"

"என்னங்க மேடம் இப்படிக் கேக்கறீங்க!" பொங்கியண்ணன் துண்டால் கண்ணை ஒற்றினார். "சாதாக் காசுங்களா இது? ப்ரூஃப் காசுங்க, சேகரிக்கறவங்களுக்குன்னே நாணயச்சாலையில தனியா அடிச்சது! எங்க மாமனார் சீராக் குடுத்தது. சிங்கம் பனி மாதிரி வெள்ளையா நிக்கும். சுத்தியும் கண்ணாடி மாதிரி மின்னும். நாளைக்கு நீங்க வந்து 'டீப் கேமியோ'ன்னு ஒசந்த தரத்துக்குச் சர்ட்டிபிகேட் குடுக்கறதா இருந்துது. அதுக்குள்ள இவ புளி போட்டு விளக்கிப்போட்டா!"

அவர் விரல் நீண்ட மூலையில் சென்னியம்மாள். வீட்டு வேலைக்காரி.

"சாமி சத்தியமா நான் தொடலீங்க!" அவள் கும்பிட்டாள். "வெள்ளிக்கிழமைன்னா பூசைச் சாமான் மட்டுந்தானுங்க விளக்குவேன். அடுத்த மாசம் எம்புள்ளைக்குக் கலியாணமுங்க. நான் ஜீப்புல ஏறுனா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க என்னங்க சொல்லுவாங்க..."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டர் பாலுசாமி கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், கேஸ் சிம்பிள். புளியாலதான் போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இந்தம்மாவை ஏத்திட்டுக் கிளம்பறேன்."

பொங்கியண்ணன் காதருகே குனிந்தார். "எழுதிப்போடுங்க மேடம். இனிமே சங்கத்துக் காசு அத்தனைக்கும் நீங்கதான் தரம் போடறீங்க!"

கிருபாவதிக்கு அந்த வேலை தேவைதான். ஊருக்கு வந்து ஆறு மாசமாக ஒருத்தரும் ஒரு காசை நீட்டவில்லை. ஆனால் மூலையில் ஒருத்தி குலுங்கிக் குலுங்கி அழுகிறாளே! அதைப் பார்த்துக்கொண்டு எப்படி எழுதுவது?

"பார்க்காம எழுத மாட்டேனுங்க. டேபிள் லேம்ப் கொண்டாங்க. முதல்ல அந்த மாலையை எடுங்க!"

பாலுசாமி காசை எடுத்துத் தரக் கை நீட்டினார்.

"தொடாதீங்க!"

இன்ஸ்பெக்டர் பூட்ஸோடு துள்ளினார்.

"ப்ரூஃப் காசை ஓரத்தைப் பிடிச்சுத்தான் தூக்கணும். மூஞ்சியில விரல் பட்டா ரேகை பதிஞ்சுடும், தரம் குறைஞ்சுடும். மேல குனிஞ்சு பேசவும் கூடாது. எச்சில் தெறிச்சாப் புள்ளி விழுந்துரும்!"

பதினைந்து பேரும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கிருபாவதி காசை விளிம்பில் பிடித்து விளக்கொளியில் சாய்த்தாள். இடது... வலது... திருப்பினாள். லென்ஸை வைத்தாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு!

"இன்ஸ்பெக்டர், புளி போட்டு எப்படித் தேய்ப்பாங்க?"

"வட்ட வட்டமாத்தான்."

"இதைப் பாருங்க."

பாலுசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு லென்ஸ் வழியாகப் பார்த்தார். "அட! கீறல் அத்தனையும் உழவு ஓட்டுன மாதிரி ஒரே நேரா போகுது!"

"கை இப்படி ஓடாதுங்க. பாலிஷ் போடற பஃபிங் வீல் ஓடும். மோட்டார்ல குடுத்திருக்காங்க."

"ஏனுங்கம்மணி, எனக்கு மிக்ஸியே போடத் தெரியாதுங்களே!" என்றாள் சென்னியம்மாள்.

"இன்னொண்ணு கேளுங்க. சிங்கத்து மேல இருக்கற வெள்ளை, அச்சுலயே வர்றது. அதுக்கப்புறம் கீறல் விழுந்தா, அந்த இடத்துல வெள்ளை போயி வெள்ளி மின்னும். இந்தச் சிங்கத்து மூக்குல ஒரு பழைய கீறல் இருக்குது. அதுக்குள்ளேயும் வெள்ளை!"

"அப்படின்னா... கீறலுக்கு அப்புறம் வெள்ளையடிச்சிருக்காங்க!"

"ஆமாங்க. மணலைப் பீய்ச்சி அடிச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும்!"

மோட்டார்... பஃபிங்... மணல்...

அத்தனை கண்களும் ஜன்னல் வழியாகப் பக்கத்து ஷெட்டைப் பார்த்தன. பொங்கியண்ணன் பவுண்டரி!

பொங்கியண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"வேணும்னு செய்யலீங்க! முந்தாநாள் டப்பாவைத் திறந்தா ரெண்டு பக்கமும் வெள்ளையையே காணோம். சாரல் ஈரத்துல கரைஞ்சுபோச்சாட்ட இருக்குதுன்னு நினைச்சனுங்க. மேடம் வந்து பார்த்தா தலைவர் பதவி போயிருமே! அதான் நானே மணல் அடிச்சு, பஃபிங் குடுத்துப்போட்டேன். ஒரேடியாக் கெட்டுப்போச்சு! ஊட்டுக்காரிகிட்ட என்னன்னு சொல்றது? அதான் இவ பேரை..."

"பன்னண்டு வருசமா உங்க ஊட்டு எச்சில் தட்டு கழுவறனுங்க!" சென்னியம்மாளின் குரல் உடைந்தது. "உங்க பயத்துக்கு என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தீங்களே!"

வாசலில் கான்டெஸா கார் வந்து நின்றது. அன்னூரில் அப்பா வீட்டுக்குப் போயிருந்த பொங்கியண்ணனின் மனைவி புவனா இறங்கினாள்.

"ஏனுங்க, வாசல்ல இத்தனை செருப்பு? ஆருக்கு என்னாச்சு?"

பாலுசாமி விஷயத்தைச் சொன்னார். புவனா வெல்வெட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து ஒரு வட்ட பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். உள்ளே... அதே பத்து ரூபாய்!

"எங்கப்பா ஒருக்காப் பார்க்கணும்னாரு. எடுத்துட்டுப் போனேன். டப்பா காலியா இருக்க வேண்டாம்னு, சீர்ல வந்த இன்னொரு ப்ரூஃப் காசை உள்ள வெச்சேன். அதுல வெள்ளையே கிடையாது. பார்த்ததும் தெரிஞ்சு இவரு எனக்கு போன் போடுவாருன்னு நினைச்சேன். தலைவராச்சே!"

உறுப்பினர்கள் தலைவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கிருபாவதி புவனா கொண்டுவந்த காசை விளக்கொளியில் சாய்த்தாள். கறுத்து மின்னும் கண்ணாடித் தளம். வெள்ளை வெளேரென்று சிங்கம். திருப்பினாள். அங்கேயும் அப்படியே!

"ஒரு பக்கம் மட்டும் இந்த வெள்ளை இருந்தாப் பத்தாதுங்க. இதுல ரெண்டு பக்கமும் சுத்தம். டீப் கேமியோ!"

பொங்கியண்ணன் குதித்தார். "அப்ப கொலையே நடக்கலீங்க! எல்லாரும் காபி சாப்பிட்டுத்தான் போகோணும்!"

"நீங்க ஸ்டேஷன்ல குடிச்சுக்கலாம்," என்றார் பாலுசாமி. "பொய்ப் புகார் எழுதிக் குடுத்திருக்கீங்க. ஜீப்பும் சும்மாத்தான் நிக்குது."

"புவனா! கண்ணு! சொல்லு கண்ணு!"

புவனா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சென்னியம்மாளைக் கைகொடுத்துத் தூக்கினாள். "எந்திரி. நீ எதுக்குத் தரையில உக்காந்திருக்கறே?"

உறுப்பினர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவரவர் வீட்டு டப்பாவைத் திறந்து பார்க்க அவரவருக்கு அவசரம்!

கான்ஸ்டபிள் வந்து பொங்கியண்ணனின் தோளில் கை வைத்தார்.

சென்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏனுங்க போலீஸய்யா... ஓரத்தைப் புடிச்சு ஏத்துங்க! மூஞ்சியில விரல் பட்டா எங்க மொதலாளி தரம் குறைஞ்சுபோயிருமுங்க!"