போன மாதத் தகடு

பால் மஞ்சளாக இருக்கிறது என்று அக்கா சொன்னபோது தங்கைக்குச் சிரிப்புதான் வந்தது.

"இதுல என்னத்தடி கலந்தே?"

"ஒண்ணும் கலக்கல. தூங்கித் தூங்கி உன் கண்ணு கெட்டுப்போச்சு. பேசாம குடி."

அக்காவின் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றி வீட்டுக்கு வந்து மூன்று வாரம். மருத்துவமனையில் மார்பில் ஒட்டி அனுப்பிய சின்னக் கருவி இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்து, சிக்கல் வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று கணித்து, தங்கையின் செல்போனில் ஓர் எண்ணாகக் காட்டும். முதல் வாரம் முழுக்க நான்கு. பிறகு ஏழு. பதினொன்று. இன்று காலை பத்தொன்பது. "முப்பது தாண்டினா கூட்டிட்டு வாங்கம்மா, பயப்படாதீங்க" என்றாள் நர்ஸ். பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா என்ன?

தங்கைக்கு மூலிகை மருந்துகளின் தரம் பார்க்கும் ஆய்வகத்தில் பன்னிரண்டு வருட வேலை. நெஞ்சுக்குத் தெம்பு தரும் இலைப்பொடி ஒன்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் கடைக்குப் போகும். சோதனையில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டாம் வாரத்திலிருந்து அக்காவுக்குத் தினம் ஒரு ஸ்பூன் வெந்நீரில் கலக்கிக் கொடுத்தாள். டாக்டரிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பார். எண் ஏறியதும் இரண்டு ஸ்பூனாக்கினாள். "நானே சோதிச்சுப் பாஸ் பண்ணினது, கண்ணை மூடிட்டுக் குடி" என்பாள். அக்கா கண்ணோடு மூக்கையும் மூடிக்கொண்டு குடிப்பாள்.

அன்று மதியம் ஆய்வகத்துக்குப் புதிய பொடி வந்தது. ஊதா விளக்கு மட்டும் எரியும் ஜன்னலில்லாத அறையில், மருந்து நெடியும் காற்றாடியின் முனகலும் சூழ, பொடியின் சாற்றைக் கண்ணாடித் தகட்டில் ஏறவிட்டு, அது வண்ணக் கோடுகளாகப் பிரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இலைக்கு இலை கோடுகள் மாறும். அசல் இலை ஒரு சின்னக் குப்பியில் அலமாரியில் இருந்தது. கிடைப்பதற்கு அரியது என்பதால் அதை யாரும் திறப்பதில்லை. போன மாதம் தேறிய தகட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வைத்துப் பார்த்தாள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன.

ஆனாலும் காலையில் அக்கா சொன்ன மஞ்சள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த இலையோடு அதே வயலில், பார்வைக்கு அதேபோல முளைக்கும் இன்னொரு செடி உண்டு. அதைத் தின்றால் முதலில் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும், பிறகு இதயம் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்தது.

இழுப்பறையைத் திறந்து இரண்டு வருடத் தகடுகளையும் மாத வரிசையில் விளக்கின் கீழ் அடுக்கினாள். எந்தத் தகடும் பக்கத்துத் தகட்டிலிருந்து மாறவில்லை. ஆனால் வரிசையின் ஒரு முனையில் பச்சைக் கோடு, மறுமுனையில் நீலக் கோடு. பச்சை மாதாமாதம் துளித்துளியாக மங்கிக்கொண்டே வந்திருந்தது. நீலம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. எல்லாவற்றின் அடியிலும் அவள் கையெழுத்து.

குப்பியைத் திறந்து அந்த இலையின் சாற்றையும் ஒரு தகட்டில் ஏறவிட்டாள். அசல் இலையில் நீலமே இல்லை.

செல்போனில் எண் முப்பத்தெட்டு. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்தப் பொடியைத் தொடாதே!"

"இப்பத்தான்டி குடிச்சேன். ரெண்டு ஸ்பூன். சும்மா உக்கார முடியல, மெஷின்ல உக்காந்துட்டேன். உன் சட்டைக் கை பிரிஞ்சு கிடந்துச்சே."

"முதல்ல போய்ப் படு அக்கா. ஆம்புலன்ஸ் அனுப்புறேன்."

"எதுக்குடி கத்துறே? வெள்ளை நூல்தான் கோத்தேன், மஞ்சளாத் தெரியுது. இந்தக் கையை முடிச்சிட்டுப் படுக்கிறேன்."

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு ஓடினாள். ஆட்டோவில் ஐம்பத்தேழு. தெருமுக்குத் திரும்பும்போது எண்பது. வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. படியில் கால் வைத்தபோது செல்போனைப் பார்த்தாள். எண்ணே இல்லை. வெறும் திரை.

அப்போதுதான் மேலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மோட்டார் தையல் மெஷின். கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

தங்கை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா தைக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். கருவிதான் கழன்றிருக்கும், சொன்னபேச்சு என்றைக்குக் கேட்டிருக்கிறாள்?

முதல் மாடி. ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் மாடி. துணியைத் திருப்பும்போது மெஷின் நிற்க வேண்டும். நூலை அறுக்கும்போது நிற்க வேண்டும். ஒரு சட்டைக் கை எவ்வளவு நீளம் இருந்துவிடும்?

மூன்றாம் மாடி. நிற்கவில்லை.

சாவி துவாரத்தில் இறங்க மறுத்தது. இறங்கியது. கதவு திறந்தது. சூடேறிய மோட்டார் நாற்றம்.

அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலை மேஜைமேல். உடம்பின் கனம் முழுவதும் மோட்டாரை ஓட்டும் மிதியின் மேலிருந்த காலில்.

"அக்கா."

ஊசி ஏறி இறங்கியது. நூல் தீர்ந்துபோயிருந்தது. சட்டைக் கை எப்போதோ முடிந்து தரையில் விழுந்திருந்தது. ஊசிக்கு அடியில் அக்காவின் விரல் இருந்தது. அக்கா அதை எடுக்கவில்லை.