கையில் நான்கு பொட்டு

போட்டிக்கு இன்னும் நாற்பத்தெட்டு மணி நேரம் இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. பதுளைப் பாடசாலையின் நடன அறையில் சுதர்ஷினி சட்டையின் இடது கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு நின்றாள். ஷம்ரா அவள் கையைத் திருப்பி, உட்புறத்தில் பேனாவால் நான்கு எழுத்துகளை வரிசையாக எழுதினாள். அ, ஆ, இ, ஈ.

"கூசுதுடி."

"ஆடாம நில்லு. 'ஈ' கோணிப் போச்சு."

இருவரும் ஆறாம் தரம். ஷம்ராவின் வாப்பா ஸலீம், பஸாரில் சீப்பு, வளையல், பவுடர் விற்கும் கடை வைத்திருந்தார். அதனால் நடனம் சொல்லிக்கொடுக்கும் கிருஷாந்தி டீச்சர் மேக்கப் பையை ஷம்ராவின் பொறுப்பில் விட்டிருந்தார். சுதர்ஷினி ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். கொழுந்து நடனத்தில் ஆடும் எட்டுப் பேரில் ஒருத்தி. முன்வரிசை, இடது ஓரம்.

ஷம்ரா பையைத் திறந்தாள். 'அ' பக்கத்தில் வெள்ளை மேக்கப் கட்டியால் ஒரு பொட்டு வைத்தாள். 'ஆ' பக்கத்தில் வாசனைக் கிரீம். 'இ' பக்கத்தில் வாஸ்லின். 'ஈ' பக்கத்தில் உதட்டுச் சாயம்.

"இப்ப என்ன செய்யணும்?" என்று சுதர்ஷினி கேட்டாள்.

"ஒன்னும் செய்யக்கூடாது. அதுதான் கஷ்டம். எங்கட வாப்பா தலைக்கு டை போட முந்தி காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வைப்பாரு. பிறகு ஒரு நாள் முழுக்க உம்மாவுக்குப் பின்னாலேயே திரிவாரு. 'செவந்திருக்கா பாரு, செவந்திருக்கா பாரு'னு. உம்மாவுக்குக் கோபம் வந்து, 'உங்கட காதைப் பார்த்துப் பார்த்தே சோறு கரிஞ்சு போச்சு'னு ஏசுவா."

சுதர்ஷினி சிரித்தாள். பிறகு சட்டைக் கையை இறக்கி, அதன் மேல் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டாள்.

இந்தச் சோதனைக்குக் காரணம் போன வருஷம் நடந்தது.

போன வருஷமும் இதே போட்டி, இதே நடனம். எட்டுப் பேருக்கும் ஒரே கட்டியிலிருந்து வெள்ளை பூசி, கன்னத்தில் ரோஸ் தேய்த்தார்கள். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. சுதர்ஷினி பஸ்ஸிலேயே தூங்கி, வீட்டுக்கு வந்தும் முகம் கழுவாமல் தூங்கினாள். மறுநாள் காலை முகம் முழுவதும் சிவந்த பருக்கள்.

"ஆத்தா வந்திருக்கா" என்றாள் அம்மா ஜெயலெட்சுமி.

லயத்தில் ஆறு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டியிருந்தன. ஒரு வீட்டில் அம்மை என்றால் ஆறு வீட்டிலும் விரதம். யாரும் தாளிக்கவில்லை. யாரும் மீன் பொரிக்கவில்லை. குளிரான மலையில் வேப்பமரம் கிடையாது. வெல்லவாயவிலிருந்து யாரோ பஸ்ஸில் வேப்பிலை கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா அதைக் கதவில் செருகினாள். அம்மைக்கு மருந்து கொடுக்கக்கூடாது என்று எல்லோரும் சொன்னதால் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

பக்கத்து வீட்டு அழகர் மாமா கருவாடு இல்லாமல் சோறு சாப்பிடாதவர். ஒன்பது நாள் வெறும் பருப்புத் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டார். ஒவ்வொரு வேளையும் கதவருகில் வந்து, "பிள்ளைக்கு எப்படிக்கா இருக்கு?" என்று மிக அன்பாக விசாரித்தார்.

அது அம்மை என்பதில் லயத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சுதர்ஷினிக்கு மட்டும் இருந்தது. பருக்கள் முகத்தில் மட்டும் இருந்தன. வெள்ளை பூசிய இடத்தோடு, தாடைக்குக் கீழே, கோடு போட்டதுபோல நின்றுவிட்டன. கழுத்தில் ஒன்றுகூட இல்லை.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கண் கலங்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வீட்டில் அவளுக்காகத் தாளிக்காமல் இருந்தார்கள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? பிறகு ஒரு வருஷம் போய்விட்டது.

இப்போது அதே கட்டி மறுபடியும் பையில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஷம்ராவிடம் மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை மாலை லயத்துக்குப் பொதுவான பீலிக் குழாயில் முகம் கழுவும்போது சுதர்ஷினி இடது கையைத் தண்ணீர் படாமல் தூக்கி வைத்துக்கொண்டாள். அழகர் மாமா வாளியோடு வந்தார்.

"என்ன பிள்ள, டீச்சர் கேள்வி கேட்ட மாதிரி கையத் தூக்கிக்கிட்டு நிக்கிற? பதில் தெரியுமா?"

"நாளைக்குத்தான் மாமா தெரியும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு தண்ணீர் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை அவள் கண் விழித்தபோது அம்மா பெரட்டுக்குப் போயிருந்தாள். கங்காணி பெயர் கூப்பிடும் நேரத்துக்கு முன்னால் அங்கே நிற்க வேண்டும். சுதர்ஷினி ஜன்னல் பக்கம் போய்க் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

'இ' பக்கத்தில் ஒன்றும் இல்லை. 'ஈ' பக்கத்திலும் ஒன்றும் இல்லை. 'ஆ' லேசாக அரித்தது. 'அ' பக்கத்தில் ஐம்பது சத நாணயம் அளவுக்குச் சிவந்து, நடுவில் சின்னச் சின்னப் பருக்கள். போன வருஷம் முகத்தில் இருந்த அதே பருக்கள்.

அவளுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு பயம் வந்தது. இதை அம்மா பார்த்தால் மாலைக்குள் கதவில் வேப்பிலை இருக்கும். போட்டிக்குப் போக முடியாது. அவள் கையைக் கழுவினாள், 'அ' இருந்த இடத்தைச் சொறியாமல் ஸ்வெட்டரால் மூடினாள், பஸ்ஸைப் பிடித்தாள்.

பாடசாலை முடிந்ததும் கடைசி ஒத்திகை. சுதர்ஷினி கிருஷாந்தி டீச்சரிடம் போய்க் கையைக் காட்டினாள்.

"டீச்சர், இந்த வெள்ளை எனக்கு ஒத்துக்கல."

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஐயோ, என்னம்மா இது? போன வருஷம் உனக்கு அம்மை. இந்த வருஷம் இதுவா? உனக்குன்னு ஒவ்வொன்னா வருதே!"

சுதர்ஷினி வாயைத் திறந்தாள். ஷம்ரா அவளைப் பார்த்தாள். சுதர்ஷினி வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, உனக்குப் பூச வேணாம்" என்றார் டீச்சர். "ஆனா ஏழு பேர் ஒரு நிறம், நீ ஒரு நிறம்னா நடுவர் மார்க் குறைப்பாங்க. குழு நடனம்னா எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும். என்ன செய்யிறது? உன் இடத்துல வேற யாரையாவது..."

அவர் முடிக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ஆறு மாதப் பயிற்சி. முன்வரிசை, இடது ஓரம். நாளைக்கு அம்மா வேலைக்குப் போகாமல் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள்.

சுதர்ஷினி வகுப்பில் நான்கு சொற்களுக்கு மேல் சேர்த்துப் பேசாதவள். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"டீச்சர், நாம யாரா ஆடுறோம்?"

"கொழுந்து பறிக்கிற பெண்களா."

"எங்க அம்மா கொழுந்துதான் பறிக்கிறாங்க. அவங்க முகம் அந்த நிறம் இல்ல டீச்சர். என் நிறந்தான். எட்டுப் பேரும் ஒரே மாதிரி இருக்கணும்னா, எட்டுப் பேரும் வெள்ளை போடாம இருக்கலாமே?"

பின்வரிசையில் ஆடும் நிலுக்ஷி சொன்னாள்: "ஆமாங்க டீச்சர். போன வருஷம் எங்க அம்மாவுக்கு என்னை அடையாளமே தெரியல. வேற யாரையோ பார்த்துக் கை காட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆட்டம் முடிஞ்சு, 'நல்லா ஆடுனடி'னு அந்தப் பிள்ளைக்குத்தான் மிட்டாய் குடுத்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். ஆனால் உடனே, "மேடை லைட்டுல முகம் தெரியணுமேம்மா. இல்லாட்டி இருட்டா இருக்கும்" என்றார்.

"போட்டுப் பார்ப்போம் டீச்சர்" என்றாள் சுதர்ஷினி. "ஒரு முகத்துக்கு வெள்ளை. ஒரு முகத்துக்கு லேசா. நீங்க தூரத்துல நின்னு பாருங்க."

நிலுக்ஷி வெள்ளைக்கு ஒப்புக்கொண்டாள். அவளுக்கு அந்தக் கட்டி ஒன்றும் செய்வதில்லை.

சுதர்ஷினி குழாயடியில் சவர்க்காரம் போடாமல் முகம் கழுவினாள். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். ஷம்ரா ஒரு பட்டாணி அளவு வாஸ்லினை விரலில் எடுத்து அவள் கன்னத்தில் மெல்லியதாகத் தடவினாள். கண்ணில் மை. உதட்டில் கொஞ்சம் சாயம், அதையும் பஞ்சால் ஒற்றிப் பாதியாகக் குறைத்தாள். நெற்றியில் பொட்டு. அவ்வளவுதான்.

"முடிஞ்சிதா?" என்றாள் சுதர்ஷினி.

"முடிஞ்சி. இன்னும் கொஞ்சம் போடணும்னு கை துடிக்குது. ஆனா போடமாட்டேன்."

மண்டபத்தின் ஜன்னல்களைச் சாத்தி மேடை விளக்கைப் போட்டார்கள். இருவரும் மேடையில் நின்றார்கள். டீச்சர் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவருகே போய் நின்றார்.

"சிரிங்க!"

சிரித்தார்கள்.

"கண்ணை உருட்டுங்க!"

உருட்டினார்கள்.

டீச்சர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அங்கிருந்தே கத்தினார். "சுதர்ஷினி, உன் கண்ணு தெரியுது. சிரிப்புத் தெரியுது. பக்கத்துல நிக்கிறது யாரும்மா?"

"நான்தான் டீச்சர், நிலுக்ஷி!"

"தட்டு ஒன்னு நிக்கிற மாதிரி இருக்கு. போய்க் கழுவு!"

அன்று வீட்டுக்குப் போவதற்கு முன்னால் சுதர்ஷினி மற்ற ஏழு பேரையும் வரிசையில் நிறுத்தினாள். ஒவ்வொரு கையிலும் வாஸ்லின் ஒரு பொட்டு, உதட்டுச் சாயம் ஒரு பொட்டு.

"நாளைக் காலையில எல்லாரும் பாருங்க. செவந்திருந்தா சொல்லணும். கண் மை அவங்கவங்க வீட்டிலிருந்து கொண்டு வாங்க. ஒருத்தர் மையை ஒருத்தர் போடக்கூடாது."

"டாக்டரம்மா, சொறியலாமா?" என்றாள் நிலுக்ஷி.

"கூடாது."

"சும்மா கேட்டேன்."

சனிக்கிழமை காலை ஏழு கைகளிலும் ஒன்றும் இல்லை. எட்டுப் பேரும் முகம் கழுவி, ஒற்றி, வரிசையாக உட்கார்ந்தார்கள். ஷம்ரா உதட்டுச் சாயத்துக்கு ஆளுக்கொரு பஞ்சுக்குச்சி வைத்திருந்தாள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. போன வருஷம் இரண்டு மணி நேரம் ஆனது. மிச்ச நேரத்தில் இடியப்பம் சாப்பிட்டார்கள். பிறகு மறுபடியும் உதட்டுச் சாயம் பூச வேண்டியிருந்தது.

போட்டி மண்டபத்தில் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். திரை விலகியதும் நேராகச் சுதர்ஷினியைப் பார்த்தாள். தேடவே இல்லை.

நடுவில் நிலுக்ஷியின் கூடை கழன்று விழுந்தது. அவள் தாளம் தவறாமல் குனிந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். தோட்டத்தில் கூடை விழத்தான் செய்யும் என்று நடுவர்கள் நினைத்திருக்கலாம். இரண்டாமிடம் கிடைத்தது.

பஸ் ஏறுவதற்கு முன்னால் சுதர்ஷினி எல்லோரையும் மறுபடி குழாயடிக்குக் கூட்டிப் போனாள். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு மையையும் சாயத்தையும் துடைத்தார்கள். பிறகு முகம் கழுவினார்கள்.

"இது எதுக்கு? வீட்டுல போய்க் கழுவலாமே" என்றாள் அம்மா.

"வீட்டுக்குப் போறதுக்குள்ள தூங்கிருவேம்மா."

அப்படியே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அவளை வெளிச்சத்துக்கு இழுத்துப் போய், முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கன்னம் வழவழப்பாக இருந்தது.

"ஒன்னும் இல்ல. இந்த வருஷம் ஆத்தா வரல" என்றாள் அம்மா. நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டாள்.

அப்போது கதவருகில் ஒரு நிழல் விழுந்தது. அழகர் மாமா. ஒரு கையில் கரண்டி. மறு கையில் கருவாட்டுப் பொட்டலம். முகத்தில் மிகுந்த கவலை.

"ஜெயாக்கா, பிள்ள நேத்து ஆடிட்டு வந்திருக்கு. போன வருஷமும் இப்படித்தான் ஆடிட்டு வந்து மறுநாள்..." அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்கக்கா. எண்ணெய் காய்ஞ்சுக்கிட்டு இருக்கு."

"ஒன்னும் இல்ல அழகரு, போய்ப் பொரி" என்றாள் அம்மா.

அவர் முகம் மலர்ந்தது. "நல்லது. ஆனா ஒன்னு சொல்றேன் பிள்ள, உனக்காகத்தான் அந்த ஒன்பது நாளும் பொறுத்துக்கிட்டேன். சாமி விஷயம். ஒரு வார்த்தை பேசல."

சுதர்ஷினி கையைப் பார்த்தாள். 'அ' பக்கத்துச் சிவப்பு மங்கிக்கொண்டிருந்தது. எழுத்து இன்னும் முழுவதும் அழியவில்லை. அவள் ஸ்வெட்டரைக் கழற்றி, இருவருக்கும் தெரியும்படி கையை நீட்டினாள்.

"இத வியாழக்கிழமை நானே வச்சுப் பார்த்தேன். டீச்சர் பையில இருந்த வெள்ளை" என்றாள்.

அம்மா குனிந்து பார்த்தாள். பருக்களை விரலால் தொட்டாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

"இது..." என்றாள் அம்மா.

அழகர் மாமாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஆமாம்மா" என்றாள் சுதர்ஷினி. "போன வருஷம் எனக்குப் போட்டது அம்மை இல்ல, மாமா. அது மேக்கப்பு."