வக்கீல் வீட்டுப் பவளங்கள்

வக்கீல் உள்ளே வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. "உட்காருங்க" என்று சொல்லக்கூடத் துப்பறிவாளருக்கு இடைவெளி கிடைக்கவில்லை. வந்தவரின் கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தன. அழுதிருப்பார் போல என்று துப்பறிவாளரின் மைத்துனி இரக்கப்பட்டாள். அந்த அலுவலகத்தில் அவளுக்குத் தட்டச்சு வேலை. ஆனால் தட்டச்சுப் பலகையைவிடக் குற்றவாளிகள்மேல்தான் அவளுக்குக் கண்.

"குற்றவாளி யாருன்னு எனக்குத் தெரியும் சார். என் மாமனார். எனக்கு ஆதாரம் மட்டும்தான் வேணும். சாயங்காலம் அவர் ஊருக்குக் கிளம்புறார். அதுக்குள்ள வேணும்."

"என்ன செஞ்சார்?"

"என் பவளத்தையெல்லாம் கொன்னுட்டார்!"

"நகையா சார்?" என்றாள் மைத்துனி.

"உயிருள்ள பவளம்மா! கடல்ல பாறைமேல வளருமே, அது. கூடத்துல உப்புத் தண்ணித் தொட்டி வெச்சு வளர்க்கறேன். அதுக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. அந்த விளக்கை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

அந்தப் பாட்டை அவர் மிச்சமில்லாமல் சொன்னார். மற்ற விளக்குகளெல்லாம் வேண்டாமென்று மெட்டல் ஹாலைடு விளக்குதான் என முடிவு செய்ய ஒரு மழைக்காலம் போனதாம். தொட்டியின் ஆழத்துக்கு எத்தனை வாட், வெளிச்சம் வெள்ளையா நீலமா, தொட்டிக்கு மேலே எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது என்று கடை கடையாக ஏறி இறங்கினாராம். தொட்டி வைத்திருப்பவர் ஒருவரையும் விடாமல் துளைத்தெடுத்தாராம். கடைக்காரர்கள் இவர் தலையைக் கண்டதும் ஷட்டரை இறக்கினார்களா என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"மாமனார் எதுக்குக் கொல்லணும்?" என்றார் துப்பறிவாளர்.

"விளக்குச் சூட்டுல கூடம் அடுப்பு மாதிரி இருக்குன்னு தினமும் புலம்பல். ஒருநாள் பிடுங்கி எறியறேன்னு என் எதிர்லயே சொன்னார். சாட்சியும் இருக்கு. தொட்டியில அவர் விஷம் ஊத்தினதை என் தம்பி கண்ணால பார்த்திருக்கான்."

"மாமனார் என்ன சொல்றார்?"

"குற்றவாளி என்ன சார் சொல்வான்? கிளம்புங்கன்னுட்டேன்."

ஊரில் துப்பறிவாளருக்குப் 'பொறுமைக்காரர்' என்று பெயர். அன்று அந்தப் பெயருக்குச் சோதனைக் காலம். தீர்ப்பை எழுதிவிட்டு விசாரணைக்கு ஆள் தேடுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். மேசையைத் தட்டாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"மாமனார்தான் அத்தான், சந்தேகமே இல்ல," என்று மாடிப்படியில் மைத்துனி கிசுகிசுத்தாள்.

"அவர் மூஞ்சியையாவது பார்த்துட்டுச் சொல்லேன்," என்று எரிந்து விழுந்தார்.

வீட்டு வாசலில் இரண்டு பைகள் இருந்தன. கதவைத் திறந்த வக்கீலின் மனைவி கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணு எங்கப்பாவோடது, இன்னொண்ணு என்னோடது. அவர் போனா நானும் போறேன்," என்று துப்பறிவாளரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கிழவர் நாற்காலியில் சட்டைப் பொத்தான்களை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, வாடகைக் காருக்காகக் காத்திருந்தார். தான் பெற்ற மகளின் வீட்டிலேயே பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார்.

கூடத்தின் நடுவில் தொட்டி கண்ணைப் பறித்தது. மேலே தகரக் கூடு ஒன்றில் விளக்கு தொங்கிற்று. துப்பறிவாளர் தரையில் முட்டி போட்டு, தொட்டியைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். பவளங்களின் தலைகள் எலும்பாய் வெளுத்திருந்தன. அடிப்பக்கங்களிலோ ஊதாவும் பச்சையும் அப்படியே இருந்தன. பாறையின் நிழலில் ஒதுங்கிய ஒன்று முழுசாகப் பிழைத்துச் செழிப்பாக இருந்தது.

"விஷம் வெச்சவர் ரொம்ப நாசூக்கானவர் போல," என்று முணுமுணுத்தார். "தம்பி, நீங்க பார்த்ததைச் சொல்லுங்க."

மூலையில் நின்றிருந்த வக்கீலின் தம்பி அண்ணனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பவளம் வெளுக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் உள் அறையில படுத்திருந்தேன் சார். கரண்ட் போச்சு. என்னடான்னு எழுந்து கூடத்துக்கு வந்தேன். அதுக்குள்ள வந்திருச்சு. உடனே தொட்டி விளக்கு பளிச்சுன்னு எரிஞ்சுது. அந்த வெளிச்சத்துல மாமா ஏதோ பாட்டிலைத் தொட்டியில சாய்ச்சுக்கிட்டு இருந்தார்."

"கேட்டீங்களா? கேட்டீங்களா?" என்று வக்கீல் குதித்தார். "நேரடி சாட்சி! இதுக்கு மேல என்ன..."

"கொஞ்சம் வாயை மூடுறீங்களா!"

மைத்துனி அத்தானை வாய் பிளந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் கத்தி அவள் கேட்டதில்லை. துப்பறிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார். தொட்டி விளக்கின் சுவிட்சை அணைத்தார். உடனே மறுபடி போட்டார்.

விளக்கு எரியவில்லை. தொட்டி இருண்டே கிடந்தது.

"என்ன சார் பண்ணிட்டீங்க!" என்று வக்கீல் அலறினார். "இதை இப்படி அணைச்சு அணைச்சுப் போடக் கூடாது! சூடா இருக்கற பல்பு ஆறாம திரும்ப எரியாது. காபி போட்டுக் குடிச்சு முடிக்கிற நேரமாவது ஆகும். எரிஞ்சாலும் முதல்ல மங்கலாத்தான் எரியும். வாங்கறப்பவே எல்லாரும் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க..."

பேச்சு பாதியில் நின்றது. வக்கீல் மெல்லத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க. நிறுத்திட்டீங்களே," என்றார் துப்பறிவாளர். "கரண்ட் போயி வந்த உடனே இந்த விளக்கு பளிச்சுன்னு எரிய முடியாது. உங்களுக்கு அது நல்லாவே தெரியும். உங்க சாட்சியை உடைக்க உங்களைவிடத் தோதான ஆள் இல்ல. ஆனா நீங்க உடைக்கலை. உங்களுக்குப் பிடிச்ச பதிலை அவர் சொன்னார்."

அவர் வக்கீலிடம் ஒரு டார்ச்சை வாங்கி, இருண்ட கூட்டுக்குள் அண்ணாந்து அடித்தார். மைத்துனி ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தாள். "பல்பு மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாப் புள்ளி அத்தான். உப்பு தெறிச்சுக் கருகியிருக்கு. இங்க ஓரத்துல ஒரு காடி இருக்கு. ஏதோ சொருகி வெச்சிருந்த மாதிரி. இப்ப காலி."

"காடியில இருந்தது கண்ணாடி. அது இருந்தா உப்பு பல்புவரை போகாது. இந்த மாதிரி பல்பு வெளிச்சத்தோட புற ஊதாக் கதிரையும் கக்கும். அதை வடிகட்டத்தான் அந்தக் கண்ணாடி. அது இல்லாம விளக்கைப் போட்டா வெயில் மூஞ்சிக்கு நேரா இறங்கின கதைதான். தண்ணில விஷம் இருந்தா அடி, தலை, நிழல்னு பார்க்காது. இங்க விளக்குக்கு முகம் காட்டினது மட்டும்தான் பொசுங்கியிருக்கு." துப்பறிவாளர் வக்கீலைப் பார்த்தார். "பொழுதன்னைக்கும் இதுக்கு எதிர்ல உட்கார்ந்திருக்கற உங்க கண்ணும்தான். தம்பி, இந்த விளக்கைத் துடைக்கிறது யாரு?"

தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டான். "நான்தான். உப்புப் படிஞ்சிருந்துச்சு. சூடா இருக்கறப்பவே ஈரத் துணி வெச்சுட்டேன். பட்டுன்னு விரிசல் விட்டுக் கையோட வந்திருச்சு. குப்பையில போட்டுட்டேன். வெறும் கண்ணாடிதானேன்னு நெனச்சேன் சார், சத்தியமா."

"அதை அண்ணன்கிட்ட சொல்லக் கூடாதா?"

"இவர்கிட்டயா?" தம்பியின் குரல் உடைந்தது. "ஒரு டம்ளர் உடைஞ்சா ஒரு வாரம் குறுக்கு விசாரணை சார் இந்த வீட்டுல. பவளம் வெளுத்ததும், 'மாமாதானே? நீ பார்த்தேதானே?'ன்னு இவரே கேட்டார். நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன். அப்புறம் எப்படிப் பார்த்தே, எங்கேருந்து பார்த்தேன்னு விடாம கேட்கவும் கதை கட்ட வேண்டியதாப் போச்சு."

"அடப் பாவி! எந்தத் துணி? எத்தனை மணிக்கு? யார் உன்னை..." என்று வக்கீல் ஆரம்பித்தார்.

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் மனைவி உள்ளிருந்து வந்து. அவ்வளவுதான் சொன்னாள். வக்கீலின் வாய் மூடிக்கொண்டது.

வெளியே கார் ஹாரன் அடித்தது. கிழவர் எழுந்து தம் பையைத் தூக்கினார். வக்கீல் குறுக்கே போய் நின்றார்.

"மாமா, அதான் நீங்க இல்லைன்னு நிரூபணம் ஆயிருச்சே. இனிமே எதுக்குப் போகணும்?"

"நிரூபணம் ஆச்சு மாப்பிள்ளை. நல்லது." கிழவரின் குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு பல்பு வாங்க ஊர்ல ஒருத்தர் விடாம விசாரிச்சீங்க. நானும்தான் கூட அலைஞ்சேன், உங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு. இந்தப் பழி வந்தப்போ என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, நீங்களா செஞ்சீங்கன்னு?"

வக்கீல் சிவந்த கண்களைக் கசக்கிக்கொண்டார். அந்தச் சிவப்பு விளக்கால் மட்டும் வந்ததல்ல என்று மைத்துனிக்குத் தோன்றியது.

"நீங்களா செஞ்சீங்க மாமா?" என்று கேட்டார், குழந்தை மாதிரி.

"இல்ல மாப்பிள்ளை."

பதிலைச் சொல்லிவிட்டுக் கிழவர் படி இறங்கினார். மகள் தன் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கார் கிளம்பிய சத்தம் அடங்கியபோது, ஆறிப்போன பல்பு மங்கலாக எரியத் தொடங்கியது. துப்பறிவாளர் போய் அதை அணைத்தார்.