ஆறு மணிக் குறிப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழைப்புமணி ஒலித்தபோது, கொழுந்தன் அடுக்களை மேடையின் கீழே மண்டியிட்டு, மூடி உடைந்த, மின்கலம் செத்த பழைய மடிக்கணினி ஒன்றுக்கு மறுபடியும் உயிர் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலைப்பூ எந்த நிறுவனத்தின் தயவிலும் ஓடவில்லை. அந்தக் கணினியில்தான் ஓடியது. ஆகவே அது அவனுக்குச் சர்வர். அண்ணிக்கோ, மிக்ஸிக்குரிய பிளக் பாயின்ட்டை ஆக்கிரமித்திருக்கும் ஒரு பெட்டி.

"நூறு தடவ சொல்லிட்டேன் அண்ணி, இதப் பிடுங்காதீங்கன்னு! தினமும் காலைல ஆறு மணிக்கு என் தளம் செத்துப் போகுது."

"உன்னோட எட்டு வாசகருக்கும் ஒரு அரை மணி நேரம் நிம்மதி கிடைக்கட்டுமே தம்பி. அந்த எட்டுல ரெண்டு பேர் நீயேதான? போய்க் கதவத் திற."

காப்பீட்டு நிறுவனமொன்றில் இருபதாண்டுகள் தீவிபத்துக் கோரிக்கைகளை ஆய்ந்து, எது விபத்து, எது வைத்த தீ என்று சொல்லிவந்தவர் அண்ணி. வேலையை விட்ட பின்பும் சிக்கலோடு வருவோர் அவர் வீட்டைத்தான் தேடினர்.

அன்று வந்தவள் ஒரு தையற்காரி. அவள் விரல்கள் கைப்பேசியை விடாமல் பற்றியிருந்தன.

"எங்க அக்காவ வியாழக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து காணோம் மேடம். போலீஸ்ல போய்ச் சொன்னா, 'காணாமப் போனவங்க தினமும் ஆத்து அளவு எழுதுவாங்களாம்மா'ன்னு சிரிக்கிறாங்க."

கொழுந்தன் திடுக்கிட்டான். "அளவுக்காரியா உங்க அக்கா?"

அவனைப் போலத் தனித்தளம் நடத்துவோர் அனைவரும் அறிந்த பெயர் அது. நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பணிபுரிந்த அந்தப் பெண், ஆறு ஆண்டுகளாக ஒருநாளும் தவறாமல் காலை ஆறு மணிக்கு ஆற்றுநீரின் அளவைக் கண்ணால் பார்த்து, பாலத்தில் நின்றபடியே தன் தளத்தில் எழுதிவந்தாள். எழுதிய மறுநொடி, வாசகர் ஒவ்வொருவருடைய சர்வருக்கும் அதன் படி ஒன்று கடிதம்போலப் போய்ச் சேரும்.

தங்கை கைப்பேசியை நீட்டினாள். வெள்ளி: நான்கடி இரண்டு அங்குலம், தேநீர் நிறம். சனி: நான்கடி ஏழு. அன்று காலையில் வந்ததை அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"'ஐந்தடி ஒரு அங்குலம். கலங்கல் குறைவு. நீண்ட பயணம் செல்கிறேன். நாளை முதல் குறிப்பு இராது.' இத அவ எழுதல மேடம். காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட எழுதுறத நிறுத்தாதவ அவ."

அடுக்களைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குறிப்பு இராத நாளில், குறிப்பை எழுதியவளும் கடத்தியவர்களுக்குத் தேவைப்படமாட்டாள் என்ற எண்ணம் கொழுந்தனுக்கு எழுந்தது.

"கடைசியா யாரப் பார்த்தா?" என்றார் அண்ணி.

"மத்தியானம் அத்தானோட சண்ட. 'குடும்பத்தவிட ஆறு பெருசா'ன்னு கத்தினாராம். அப்புறம் அவ தளத்த நடத்திக் குடுக்கிற சர்வர்காரர் கடைக்குப் போயிருக்கா. அஞ்சு மணிக்கு, ஊருக்குக் குடிதண்ணி அனுப்புற நீரேற்று நிலையம். வாராவாரம் வியாழக்கிழமை அங்க பரிசோதனைக்குத் தண்ணி மாதிரி எடுப்பா. அவ அஞ்சரைக்கே கெளம்பிட்டான்னு மேற்பார்வையாளர் சொல்றாரு. நாளைக்கு அங்க இன்ஸ்பெக்‌ஷனாம். அவருக்குத் தலைக்கு மேல வேலையாம்."

அண்ணி வெள்ளிக்கிழமைக் குறிப்பையே உற்று நோக்கினார். அதன் அடியில் சிறிய எழுத்தில், 'திருத்தப்பட்டது, 6.04' என்றிருந்தது.

"தம்பி, பாலத்துக்குப் போய்த் தூண்ல தண்ணி எவ்வளவுன்னு பார்த்துட்டு வா."

ஒரு மணி நேரத்தில் அவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். கணுக்கால் வரை கருஞ்சேறு. செருப்பின் நிறமே தெரியவில்லை.

"ஒண்ணே முக்காலடி அண்ணி! கரையெல்லாம் சேறு, மீன் துடிச்சிட்டிருக்கு. மேல இருக்கிற மதகுக் கதவ ரிப்பேருக்காக வெள்ளிக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே மூடிட்டாங்களாம். அன்னிலேர்ந்து தண்ணி எறங்கிட்டேதான் இருக்கு. ஆனா தளத்துல ஏறிட்டே போகுது! யாரோ பாலத்துக்கே போகாம புளுகுறாங்க. சர்வர்காரர்தான். அவர் கைலதான சாவி!"

"வாசல்லயே செருப்பக் கழட்டு. புளுகுறவன் எறங்கிற ஆத்த ஏத்திக் காட்டி ஏன் மாட்டிக்கணும்?" என்ற அண்ணி, மேடையடியைச் சுட்டினார். "உன் பெட்டில வெள்ளிக்கிழமைக் குறிப்பு இருக்கா?"

அவன் தேடி எடுத்தான். படித்தான். மீண்டும் படித்தான். தங்கையின் கைப்பேசியில் இல்லாத ஒரு வரி அதில் இருந்தது: 'இன்றும் குளோரின் வாசனை இல்லை.'

அண்ணி நான்கு இடங்களுக்குத் தொலைபேசினார். நான்காவது அழைப்பின்போது மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

பிற்பகல் மூன்றரை மணிக்கு முன்னறை நிறைந்திருந்தது. மூன்று நாள் தாடியுடன் கணவர். தோளில் பையுடன் சர்வர்காரர். மடிப்புக் கலையாத சட்டையில் மேற்பார்வையாளர். ஒவ்வொருவர் முன்னும் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துவிட்டு அண்ணி அமர்ந்தார். கணவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். சர்வர்காரர் பாதி குடித்தார்.

"சீக்கிரம் முடிங்கம்மா. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்" என்றார் மேற்பார்வையாளர்.

"முடிச்சிடலாம் சார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் போன குறிப்புல இருந்த ஒரு வரிய நாலு நிமிஷத்துல யாரோ எடுத்திருக்காங்க. திருத்தம் எல்லா சர்வருக்கும் போயிருக்கு. எங்க வீட்டுப் பெட்டிக்கு மட்டும் போகல. ஏன்னா ஆறு ரெண்டுக்கு நான் அதப் பிடுங்கிட்டு மிக்ஸி போட்டேன்."

"அப்புறம் மாட்டினதும் போயிருக்காதா?" என்று கேட்டார் கணவர்.

"போகாதுங்க," என்றார் சர்வர்காரர். "அது நானே எழுதின மென்பொருள். ஒரு தடவதான் கதவத் தட்டும். தெறக்கலன்னா விட்டுடும்."

"அப்போ நீங்களே அழிச்சிருக்கலாமே?" என்று கொழுந்தன் பாய்ந்தான்.

"நான் அழிக்கணும்னா உள்ள போய் நேரா அழிச்சிருப்பேன் தம்பி. திருத்தப்பட்டதுன்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுட்டா அழிப்பேன்?"

"அதேதான்," என்றார் அண்ணி. "இது அவ கைப்பேசிய வெச்சிருக்கிறவர் வேலை. அவள எழுதவிட்டு, மேலோட்டமாப் படிச்சு, போகவிட்டு, அப்புறந்தான் அந்த வரி உறுத்தியிருக்கு. குளோரின் வாசனை இல்லைன்னு எழுதினா, பொண்டாட்டியோட சண்ட போட்ட புருஷனுக்கு ஏன் உறுத்தணும்? ஆத்துல குளோரின் எப்பவுமே கெடையாது. அது வரவேண்டிய எடம் குடிதண்ணி நிலையம் ஒண்ணுதான்."

மேற்பார்வையாளர் சிரித்தார். "அந்தப் பொண்ணு கண்டபடி எழுதும்மா. ஆத்துல தண்ணியே இல்ல, அஞ்சடின்னு எழுதியிருக்கு."

"கண்ணால பார்க்காத அளவ அவ எழுதினதே இல்ல. வெள்ளிக்கிழமையும் பார்த்துத்தான் எழுதினா. பார்த்த எடந்தான் வேற. மதகுக்குக் கீழ தண்ணி எறங்கினா, மேல தேங்கி ஏறணும். மதகுக்கு மேல அளவுகோல் இருக்கிற எடம் உங்க நிலையம் மட்டுந்தான் சார். பழைய வடிகட்டிக் கட்டடத்து மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தா நல்லாத் தெரியுமாமே? குறிப்பு நின்னா வாசகர்கள் தேடுவாங்கன்னு எழுத வெச்சீங்க. எண்ணுதானேன்னு விட்டுட்டீங்க. அவ மூணு நாளா முகவரி சொல்லிட்டிருக்கா."

"இதெல்லாம் வெறும் ஊகம்." அவர் நாவால் உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டார்.

"நாக்கு வறண்டு போச்சு போலிருக்கே. குடிங்க சார்."

மேற்பார்வையாளரின் குவளை, வைத்தபடியே விளிம்புவரை நிறைந்திருந்தது.

"அது காய்ச்சி ஆறவெச்ச தண்ணிதான். உங்ககிட்ட மட்டும் சொல்லல. குழாய்த் தண்ணின்னே நெனச்சீங்க இல்ல?"

கணவர் நாற்காலி சரிய எழுந்தார். அதே கணத்தில் அண்ணியின் தொலைபேசி ஒலித்தது. அவர் கேட்டார், கண்களை ஒருமுறை மூடித் திறந்தார். "உயிரோட இருக்கா. மாடி அறைதான். அவ கைப்பேசியும் இவர் மேசைல கெடச்சிருக்கு. இவர் நிலையத்துல இருக்கிற வரைக்கும் பூட்ட உடைச்சா அவள ஏதாவது பண்ணிடுவாருன்னு பயந்தேன். அதனாலதான் இங்க கூப்பிட்டேன்."

வாசலில் நின்றிருந்த காவலர்கள் உள்ளே வந்தனர். மேற்பார்வையாளர் எதிர்க்கவில்லை. "குளோரின் போடுற மெஷின் ரிப்பேர்தாம்மா. சரி பண்ணிடலாம்னுதான் தினமும் பதிவேட்டுல போட்டதா எழுதினேன். வியாழக்கிழமை மட்டும் கையால கலந்துடுவேன், இந்தத் தடவ அவ மெஷினையே பார்த்துட்டா," என்று மட்டும் முணுமுணுத்தார். நாளைய ஆய்வுக்குப் பிறகு அவளை என்ன செய்வதாக இருந்தார் என்று தங்கை கேட்டபோது, அவர் காவலரை முந்திக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

மேடையடியில் கணினி மெல்லச் சிணுங்கியது. கொழுந்தன் ஓடிப்போய்க் குனிந்தான். அளவுக்காரியின் புதிய குறிப்பு.

'ஜன்னலிலிருந்து: ஐந்தடி மூன்று அங்குலம். குளோரின் இல்லை. மூன்று மாதங்களாக இல்லை. குழாய்த் தண்ணீரை யாரும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.'

அவன் கண்முன்னே அது தளம் தளமாகப் பரவத் தொடங்கியது. நூறு பேர், இருநூறு பேர் மறுபதிவிட்டனர்.

"அண்ணி, எல்லாருக்கும் போயிடுச்சு!"

"எல்லாருக்குமா?" என்றார் அண்ணி. அவர் ஜன்னலருகே நின்றிருந்தார்.

சுவர்க் கடிகாரம் நான்கு காட்டியது. காலையிலேயே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவைத்த நீரைத் திறந்துவிடும் நேரம். தெருக்குழாய் இருமுறை காற்றை இருமியது. பின்பு கொட்டத் தொடங்கியது. எந்த வலைப்பூவையும் படித்திராத எதிர்வீட்டுக்காரி, தன் குழந்தையின் புட்டியைக் கழுவி, குழாயின் கீழே பிடித்தாள்.

கொழுந்தன் செருப்பைக்கூடத் தேடாமல் தெருவுக்கு ஓடினான்.