காலி நாற்காலியின் எடை

அன்புள்ள யாகோமினா,

தொலைபேசியில் சொன்னால் சிரிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, உங்கள் கோடை வீட்டில் மூவர் இருந்தோம். உன் அப்பா மரினூஸ் தெற்கு ஜன்னலோரம். உன் அம்மா பீட்டர்னெல் அடுப்புப் பக்கம். வீட்டை வடிவமைத்த நான் மேற்குச் சுவரோரம். கடற்கழியைப் பார்த்த வடகிழக்கு மூலை நாற்காலி காலி. இதையெல்லாம் நான் குறித்துக்கொள்வது வழக்கம். தண்ணீரில் மிதந்து, வெள்ளத்தோடு மேலேறும் வீட்டில் ஆள் உட்காரும் இடமும் கணக்கில் சேரும்.

ரசமட்டத்தை மேசையில் வைத்தேன். காலி மூலை தாழ்ந்திருந்தது.

"என்ன எஞ்சினியரே, கணக்குல கோட்டை விட்டுட்டீங்களா?" என்றார் உன் அப்பா.

எதிர்மூலையில் தரைக்கடியில் எடைக்கற்களை அடுக்கினேன். வீடு நேரானது. காப்பி வந்தது, ஆளுக்கு ஒரு பிஸ்கட். வழக்கம்போல் உன் அம்மா டப்பாவை மூடுவாள் என்று பார்த்தேன்.

மூடவில்லை. காலி நாற்காலிப் பக்கம் தள்ளி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அதே மூலை மறுபடி தாழ்ந்திருந்தது. மேலும் கல் வைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கூடத்தில் சேற்று வாடை. எல்லாக் கற்களையும் எடுத்துவிட்டேன்.

வீடு உயரவில்லை.

வாசற்படிக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். இருவரையும் வெளியேறச் சொல்லிக் கத்தினேன்.

"மெதுவா பேசுங்க, லேண்டர்ட்," உன் அம்மா கிசுகிசுத்தாள். "பெரிய வெள்ளத்துல இதே இடத்துலதான பண்ணைவீடு போச்சு? கூரையில ஏறினவங்களுக்கு இடம் பத்தல. இது முங்காத வீடுன்னு நீங்கதான சொன்னீங்க!"

"மரினூஸ், நீங்களாவது கிளம்புங்க."

அவர் சிரிக்கவில்லை. "வந்து உக்காந்தவங்கள எந்திரிங்கன்னு எப்படிப்பா சொல்றது?"

அடுத்த வாரம் புயலாம். இந்தப் பாரத்தோடு வீடு மேலேறாது. நான் கெஞ்சிப் பார்த்தேன், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். மகள் நீ கூப்பிட்டாலாவது வருவார்களா, தெரியவில்லை. உடனே வா. உள்ளே மட்டும் உட்காராதே.

லேண்டர்ட்

ஒட்டிய உறையின் பின்புறம் இதை எழுதுகிறேன். என் வீடு கெட்டித் தரையில் நிற்கும் செங்கல் வீடு. உறையை ஒட்டும்போது மேசையில் வைத்த பேனா உருண்டது.

எதிரே இருக்கும் காலி நாற்காலிப் பக்கமாக.

சேற்று வாடை வருகிறது. இதைத் தபால்பெட்டியில் போடக் கிளம்புகிறேன். பிஸ்கட் டப்பாவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.