எழுத்தில் வந்த குரல்

நூலகத்தில் எல்லோரும் அவளை ஸ்டாம்ப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து மூன்று வருடமாகப் புத்தகங்களில் திருப்பித் தர வேண்டிய தேதியைக் குத்தியவள். இப்போது ஸ்டாம்புக்கு வேலை இல்லை. இரவல், பதிவு, தேடல் எல்லாமே ஆன்லைனுக்குப் போய்விட்டது. மாதக் கடைசிக்குள் கற்றுக்கொண்டால்தான் வேலை நிலைக்கும் என்று தலைமை நூலகர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். சொன்னது என்னவோ கழுத்தில் கத்தி.

பயிற்சி வகுப்பு கம்ப்யூட்டர் வழியாக நடந்தது. கீழ்த்தளத்தில், பழைய பத்திரிகைகள் அடுக்கிய அறையில் அவளுக்கு மேசை போட்டுக் கொடுத்தார்கள். வேறு இடம் கேட்டுப் பார்த்தாள். ஏன் என்று கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டாள்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரை தொடும் இரும்பு அலமாரிகள், ஒற்றை டியூப் லைட், கனத்த ஒரு கதவு. வருடக்கணக்காக அங்கே யாரும் புத்தகம் தைத்து ஒட்டவில்லை. ஆனாலும் புளித்த பசை வாடை போகவே இல்லை.

அவளுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது பாதிதான். சேர்ந்த நாளிலிருந்தே அதை மறைத்து, எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டாள். கம்ப்யூட்டரில் பயிற்சியாளரின் முகமே தபால்தலை அளவுக்குத்தான் தெரிந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், போன தடவை வந்திருந்தபோது அதற்கு ஒரு வழி செய்துவிட்டுப் போனாள்.

"போன்ல ஒரு ஆப் போட்டிருக்கேம்மா. பக்கத்துல யாரு என்ன பேசினாலும் எழுத்தா வந்துடும். ஸ்பீக்கர் பக்கத்துல வச்சுக்கோ."

"நான் பேசுறதும் வருமா?"

"நீ முணுமுணுக்கிறதுகூட வரும். என்னைத் திட்டுறப்போ பாத்துத் திட்டு."

முதல் இரண்டு நாள் வகுப்பு நன்றாகவே போனது. பயிற்சியாளர் சொல்வது ஒவ்வொன்றும் போனில் எழுத்தாக ஓடியது. ஒரு வார்த்தைகூடத் தப்பாத வகுப்பு அவள் வாழ்க்கையிலேயே இதுதான்.

மூன்றாம் நாள் காலை பயிற்சியாளர் இடையில் நிறுத்தினார்.

"கீழ்த்தள மேடம், உங்க மைக்கை அணைச்சிடுங்க. உங்க பக்கத்துல யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மைக்கை அணைத்தாள். எல்லோருக்கும் பத்து நிமிடப் பயிற்சி கொடுத்துவிட்டு அவர் எழுந்து போனார். ஸ்பீக்கர் ஓய்ந்தது.

போனில் ஒரு வரி வந்தது.

கேக்குதா

பயிற்சியாளர் வந்துவிட்டார் போல என்று நிமிர்ந்தாள். அவர் நாற்காலி காலியாக இருந்தது.

கேக்குதா தங்கச்சி

அவள் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றுவிட்டன.

அந்தக் கட்டடத்தில் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். கிழிந்த புத்தகங்களை இதே அறையில் உட்கார்ந்து ஒட்டித் தைத்த பசைக்காரர். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மூன்று நாள் விடுமுறைக்கு முந்தின சாயங்காலம், பூட்டுகிற முறை அவளுடையது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல். அரக்கப் பரக்க வந்தவள் படியில் நின்றபடியே, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லை. கதவைச் சாத்திப் பூட்டினாள்.

நான்காம் நாள் காலை பசைக்காரர் அந்தக் கதவுக்குப் பின்னால் கிடந்தார். மாரடைப்பு, உயிர் உடனே போயிருக்கும் என்றார் டாக்டர். அந்த 'உடனே'யைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடம் தூங்கினாள்.

இருக்கேன்னு சொன்னேனே

கதவைத் தட்டினேன்

மறுநாளும் தட்டினேன்

பசை வாடை அடர்ந்தது. இப்போதுதான் காய்ச்சி இறக்கியதுபோல் சூடாக இருந்தது. கேட்காத காதின் பக்கம், கன்னத்தில், ஈரமான மூச்சு பட்டது.

அவள் திரும்பவில்லை.

"எனக்குக் காது கேக்காதுண்ணே." அந்தக் கட்டடத்துக்குள் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அன்னைக்கும் கேக்கல. வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா எனக்குக் கேக்கலண்ணே..."

அவள் சொன்னதையெல்லாம் போன் வரி வரியாக எழுதியது. அதன் கீழே இன்னொரு வரி வந்தது.

அதான் வரலையா

எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள். அது சாத்திக்கொள்ளாதபடி தடித்த ஒரு பத்திரிகைத் தொகுப்பை முட்டுக் கொடுத்தாள்.

"வாங்கண்ணே. வெளிய வாங்க."

பசை வாடை அவளை உரசிக்கொண்டு கடந்தது. ஒவ்வொரு படியாக ஏறியது. அவளும் பின்னாலேயே ஏறினாள். மேலே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அன்று மதியமே தலைமை நூலகரிடம் காது விஷயத்தையும் கதவு பூட்டிய விஷயத்தையும் சொல்லிவிட்டாள்.  அவர், "முதல்ல காது டாக்டரைப் பாருங்க. கிளாஸ் எங்கயும் ஓடிப்போகாது" என்றார். ஞாயிற்றுக்கிழமை பசைக்காரரின் மனைவியைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். திட்டுவாரோ, அடிப்பாரோ, பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த இரண்டு நாளும் போனில் பயிற்சியாளரின் பேச்சு மட்டுமே ஓடியது. அறையில் பழைய காகித வாடை தவிர வேறில்லை. போய்விட்டார் என்று நினைத்தாள். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போலிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில், வெளிச்சம் இருக்கும்போதே, மகளை டேப்லெட்டில் கூப்பிட்டாள். பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டாள். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். மகள் அழுததைப் பார்த்தாள், பேசியதைப் படித்தாள்.

எனக்குக் காய்ச்சல்னுதானேம்மா ஓடி வந்த

இதை ஏம்மா இத்தனை வருஷம் தனியா சுமந்த

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள்.

போனில் இன்னொரு வரி வந்தது.

உன் பொண்ணா தங்கச்சி

அவள் டேப்லெட்டைப் பார்த்தாள். மகளின் கை வாயை விட்டு விலகவே இல்லை.

நல்லா வளந்துட்டா